குருதித் தேக்கமும் சீன மூலிகை மருத்துவமும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நாட்டின் மருத்துவ வரலாறு அந்நாட்டின் சிந்தனை வரலாற்றினின்றும் வேறானதன்று. ஒரு சமுதாயம் மனித உடலைப் பற்றி என்ன எண்ணிற்று, பிணத்தை எவ்வாறு நோக்கிற்று, ஏட்டிலே எழுதப்பட்டதும் கண்ணாற் கண்டதும் முரண்பட்டபோது எதனை நம்பிற்று என்பனவெல்லாம் அதன் மருத்துவத்திலே பதிந்து கிடக்கின்றன. குருதியோட்டம் பற்றிச் சீன மருத்துவம் கொண்டிருந்த கருத்துக்களும், குருதித் தேக்கத்தைப் போக்குவதற்கென அது வகுத்த மூலிகைகளும் இவ்வுண்மைக்குச் சிறந்த சான்றுகளாம்.

இம்மூலிகைகள் இன்று சீனத்தின் எல்லை கடந்து குளிகைகளாகவும் குடிநீர்களாகவும் உலகின் பல பாகங்களிலும் விற்பனையாகின்றன. ஈராயிரம் ஆண்டுகளாக மாறாது வந்த ஞானம் என அவற்றைப் போற்றுவாருமுளர். வெறும் மூடநம்பிக்கை எனத் தள்ளுவாருமுளர். இருசாராரும் வரலாற்றை மறந்தே பேசுகின்றனர். குருதித் தேக்கம் என்னும் கருத்து எக்காலத்திலும் ஒரே நிலையில் நின்றதன்று. அது காலந்தோறும் மாறிற்று, ஐயத்துக்குள்ளாயிற்று, சில வேளைகளிலே பிழையின் வழியாகவும் வளர்ந்தது. அவ்வளர்ச்சியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லறைகள் தரும் சான்று

1972ஆம் ஆண்டிலே சீனத்தின் ஹூனான் மாகாணத்துச் சாங்ஷா நகருக்கு அண்மையிலுள்ள மாவாங்துய் என்னுமிடத்தில் ஒரு கல்லறை அகழப்பட்டது. அதனுள்ளே, கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் இறந்த தாய் பிரபுவின் மனைவியின் உடல் ஏறக்குறைய அழியாத நிலையிற் கிடந்தது. மருத்துவ அறிஞர்கள் அவ்வுடலைப் பிரித்துப் பரிசோதித்தபோது, அவருடைய முடியுரு நாடிகள் தடிப்புற்று ஒடுங்கியிருந்தமை தெரியவந்தது. பித்தக் கற்களும் காணப்பட்டன. இறக்கும் வேளையில் அவருக்கு ஐம்பது வயதளவில் இருக்கலாம். இதய நாடிகள் அடைபட்டு இறத்தல் இக்கால வாழ்க்கை முறையினால் மட்டும் விளைவதொன்றன்று என்பதற்கு அவ்வுடலே சாட்சி. கல்லறையிலே கறுவாவினத்துப் பட்டை, இஞ்சி, சிச்சுவான் மிளகு முதலிய வாசனைச் சரக்குகளும் இருந்தன. அவருடைய இதயத்தைக் காக்க அச்சரக்குகள் பயன்பட்டன எனக் கொள்வதற்கு ஆதாரமில்லை. ஆயின் நோயும் மூலிகையும் ஒரே கல்லறையில் அருகருகே கிடந்தமை கருதத்தக்கது.

அதே ஆண்டில் வடமேற்கிலுள்ள கான்சு மாகாணத்து ஊவெய் என்னுமிடத்திலே கீழை ஹான் காலத்தைச் சேர்ந்த மற்றொரு கல்லறையிலிருந்து மருத்துவக் குறிப்புக்கள் எழுதப்பட்ட 92 மரச் சிம்புகளும் பலகைகளும் கிடைத்தன. அவற்றுள் ஒன்று குருதித் தேக்கத்துக்கான மருந்தைக் கூறுகின்றது. டாங்குய், சுவான்சியோங் என இன்று வழங்கும் இரு வேர்களும் அதில் இடம்பெறுகின்றன. இவ்விரண்டும் கொத்தமல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த செடிகளாம். ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன்னர் எல்லைப்புறத்து வைத்தியரொருவர் குறித்துவைத்த அதே வேர்களைச் சீன மருந்துக் கடைகளிலே இன்றும் நிறுத்துக் கொடுக்கின்றனர். சரக்கின் தொன்மையில் ஐயமில்லை. அச்சரக்கினைப் பற்றிய விளக்கமும் அவ்வாறே மாறாது நின்றதா என்பதே வினா.

நூல்கள் வகுத்த உடல்

சீன மருத்துவத்தின் மூலநூலாகக் கொள்ளப்படுவது ஹுவாங்டி நெய்ஜிங் என்பதாகும். 'மஞ்சட் பேரரசரின் உள்நூல்' என இதனைப் பெயர்க்கலாம். கி.மு. இறுதி நூற்றாண்டுகளிலே பலரால் எழுதப்பட்டுத் தொகுக்கப்பட்டது இது. குருதி வெம்மையை விரும்பும், குளிரை வெறுக்கும், குளிரினால் உறைந்து நிற்கும் என்பது இந்நூலின் கருத்து. ஒருவர் ஒரு பகலிலும் இரவிலும் 13,500 முறை மூச்சு விடுகின்றார் என்றும், அக்காலத்துள் உயிர்ப்பாற்றலும் குருதியும் உடலை ஐம்பது முறை சுற்றிவருகின்றன என்றும் அது கணக்கிடுகின்றது.

இதனை ஆதாரமாகக் கொண்டு, வில்லியம் ஹார்வி 1628ஆம் ஆண்டிலே குருதிச் சுற்றோட்டத்தை நிறுவுவதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே சீனர் அதனைக் கண்டுவிட்டனர் எனக் கூறுவாருமுளர். இக்கூற்று நுணுகி நோக்கற்பாலது. நெய்ஜிங் கூறும் கணக்கின்படி ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 29 நிமிடங்கள் செல்லும். ஓய்ந்திருக்கும் ஒருவரின் குருதி உண்மையில் ஒரு நிமிட அளவிற் சுற்றிவருகின்றது. அன்றியும், நெய்ஜிங்கிலே இதயம் குருதியை அழுத்தித் தள்ளும் உறுப்பாக விளக்கப்படவில்லை. 'மாய்' என்னும் சீனச் சொல் நாடி, நாளம், ஆற்றல் செல்லும் வழி ஆகிய மூன்றையும் ஒருங்கே குறித்தது. ஹார்வி செய்ததோ இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் குருதியை அளந்து, அத்துணைக் குருதி மீண்டும் இதயத்துக்குத் திரும்பியே ஆகவேண்டும் எனப் பரிசோதனையால் நிறுவியமையாகும். ஓட்டம் ஒன்றுண்டு என உய்த்துணர்ந்தமை சீனரின் பெருமை. அதனை நிறுவியமையோடு அவ்வுய்த்துணர்வை ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது.

கி.பி. இரண்டாம் மூன்றாம் நூற்றாண்டுகளில், ஹான் பேரரசு சிதைந்த காலத்தில் வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் என்னும் வைத்தியர் இத்துறையை அடுத்த படிக்கு உயர்த்தினார். தேங்கிய குருதியை அவர் தனி நோய்நிலையாக வகுத்து அதன் குறிகளைத் தொகுத்தார். நெஞ்சு நிறைந்தாற்போன்றிருத்தல், நாக்கு நீலம் பாய்தல், வாய் வறண்டும் நீரை விழுங்க விருப்பமின்மை என்பன அக்குறிகளுட் சில. அவர் வகுத்த குடிநீர் ஒன்றிலே பீச் பழத்தின் பருப்போடு உலர்த்திய அட்டையும் சேர்ந்தது. குருதியை உறிஞ்சும் உயிர் குருதியை இளக்கும் என்னும் ஒப்புமை எண்ணமே இதற்குக் காரணமாகலாம். 1884ஆம் ஆண்டிலே ஜோன் ஹேக்ராப்ட் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர், அட்டையின் வாயிற் சுரக்கும் பொருள் குருதி உறைதலைத் தடுக்கின்றது எனக் கண்டார். ஹிருடின் எனப் பின்னர் பெயர் பெற்ற பொருள் அதுவே. பழைய ஒப்புமை எண்ணம் இங்கு உண்மையின் அருகிற் சென்றிருந்தது.

ஆயினும் ஒப்புமை எப்பொழுதும் உண்மைக்கு இட்டுச்செல்வதில்லை. டான்ஷென் என்னும் வேர் இதற்கு எடுத்துக்காட்டாகும். துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடியின் வேர் செந்நிறமானது. ஐம்பூதக் கோட்பாட்டை ஒத்த சீன ஐந்நிலைக் கோட்பாட்டின்படி செந்நிறம் இதயத்துக்குரியது. எனவே செவ்வேர் குருதிக்குரிய மருந்தாயிற்று. 365 சரக்குகளைக் கூறும் ஷென்நோங் பென்சாவோ ஜிங் என்னும் பழைய மருந்து நூல் இதனை மேல்வகுப்பிலே வைத்தது. 1596ஆம் ஆண்டளவில் அச்சேறிய லீ ஷிஜென்னின் பெருநூலும் 1,892 சரக்குகளுள் ஒன்றாக இதனை விரித்துரைத்தது. நிறத்தினால் மருந்தைத் தெரிந்தெடுத்த இம்முறைக்கு எத்தனை சரக்குகள் பொய்த்திருக்கும் என்பதை நூல்கள் கூறா. வழக்கில் நிலைத்தவையே நூல்களிலும் நிலைத்தன.

கண்ணும் ஏடும்

உடலைத் திறந்து பார்க்கும் வழக்கம் சீனத்தில் அறவே இருந்ததில்லை என்பது சரியன்று. பதினோராம் நூற்றாண்டிலே, சோங் அரசு கொலைத்தண்டனை விதித்த கிளர்ச்சிக்காரரின் உடல்கள் திறக்கப்பட்டு உறுப்புக்கள் படமாக வரையப்பட்டன. ஆயினும் பெற்றோர் தந்த உடலைச் சிதையாது காத்தல் கன்பூசிய அறத்தின் முதற்கடனாகக் கொள்ளப்பட்டமையால் அம்முயற்சி தொடர்ந்து வளரவில்லை.

அரசு அதிகாரமும் அறிவின் பரவலுக்குத் தடையாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, காங்சி பேரரசரின் அவையிலிருந்த பாரெனின் என்னும் இயேசுசபைத் துறவி, பிரான்சியச் சத்திரவைத்தியரான டியோனிசின் நூலை அடிப்படையாகக் கொண்டு உடற்கூற்று நூலொன்றை மஞ்சு மொழியில் ஆக்கினார். டியோனிசின் நூல் குருதிச் சுற்றோட்டத்தின் வழியே உடலை விளக்குவது. ஹார்வியின் கண்டுபிடிப்பு இவ்வாறு சீன அரண்மனைக்குள் நுழைந்தது. ஆயின் அதற்கு அப்பாற் செல்லவில்லை. பொதுமக்களின் கைக்கு எட்டத்தகாதது எனக் கருதிய பேரரசர் அந்நூலைச் சில படிகளளவில் நிறுத்திவிட்டார். அரண்மனை நூலகத்திலே பூட்டப்பட்ட உண்மையைத் தேடி, அடுத்த நூற்றாண்டில் ஏழை வைத்தியரொருவர் சுடுகாட்டு வெளிக்குச் செல்ல நேர்ந்தது.

அவர்தாம் வாங் சிங்ரென் (1768–1831). வட சீனத்தின் யூதியென் பகுதியிற் பிறந்த அவர் பெய்ஜிங் நகரிலே வைத்தியத் தொழில் புரிந்தவர். உள்ளுறுப்புக்கள் பற்றிப் பழைய நூல்கள் கூறுவன தம்முள் முரண்படுதல் இளமை தொட்டே அவரை உறுத்திவந்தது. 1797ஆம் ஆண்டிலே அவர் லுவான்சோப் பகுதிக்குச் சென்றிருந்தபோது, அங்கு சின்னமுத்தும் வயிற்றுளைவும் பரவிக் குழந்தைகள் பெருந்தொகையாக மடிந்தனர். பேழை வாங்க வசதியற்ற ஏழைகள் பிள்ளைகளைப் பாயிற் சுற்றி ஆழமற்ற குழிகளிலிட்டனர். நாய்கள் அவற்றைத் தோண்டின. நாள்தோறும் நூற்றுக்கு மேற்பட்ட சடலங்கள் சிதைந்து கிடந்தன.

வாங் முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிச் சென்றார். பின்னர், முன்னோர் பிழைபட்டமைக்குக் காரணம் அவர்கள் நேரிற் காணாமையே எனத் தெளிந்து, பத்து நாட்கள் விடியற்காலையில் அங்கு சென்று நோக்கினார். ஒரு சடலத்தில் ஈரல் இருக்கும், இதயம் இராது. மற்றொன்றில் குடல் மட்டும் எஞ்சியிருக்கும். ஒன்றில் இல்லாததை மற்றொன்றிற் கண்டு பொருத்தி, முப்பதுக்கு மேற்பட்ட உடல்களின் உள்ளமைப்பை அவர் அறிந்துகொண்டார். நெஞ்சறையையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகடு மாத்திரம், கடதாசிபோல் மெல்லியதாகையால், எவ்வுடலிலும் முழுமையாகக் கிடைக்கவில்லை.

அவ்வொரு தகட்டுக்காக அவர் மேலும் முப்பதாண்டுகளுக்கு மேல் தேடினார். 1799இலும் 1820இலும் கொலைக்களங்களை நாடிச் சென்றார்; முதன்முறை தண்டனைக்குட்பட்டவர் பெண்ணாகையால் அருகிற் செல்லத் தயங்கினார்; இரண்டாம் முறை தகடு ஏற்கெனவே கிழிந்திருந்தது. ஈற்றில் 1829இலே, மேற்கெல்லைப் பகுதிகளிற் கடமையாற்றிக் கொலையுண்டோர் பலரின் உடல்களைக் கண்டிருந்த ஹெங் ஜிங் என்னும் அதிகாரியிடம் அதன் வடிவைக் கேட்டறிந்தார். மறுவருடம் 'யிலின் கய்சுவோ' என்னும் அவருடைய நூல் வெளிவந்தது. 'வைத்தியருலகின் பிழை திருத்தல்' என்பது அதன் பொருள். முன்னோர் வரைந்த உறுப்புப் படங்களையும் தாம் கண்டவாறு வரைந்த படங்களையும் அந்நூலில் அவர் அருகருகே வைத்தார். அறிவும் நினைவும் இதயத்தில் அல்ல, மூளையிலேயே தங்குகின்றன எனவும் வாதிட்டார். பிணக்குவியலிடையே நின்று வைத்தியம் கற்கச் சொல்கின்றார் எனப் பின்வந்த மரபுவாதிகள் அவரைப் பழித்தனர்.

பிழையிலிருந்து பிறந்த மருந்து

வாங் சிங்ரென்னின் வரலாற்றிலே மிகவும் சிந்திக்கத்தக்க பகுதி இதன் பின்னரே வருகின்றது. ஏட்டை விடுத்துக் கண்ணை நம்பிய அவரை அவருடைய கண்ணும் ஏமாற்றிற்று. ஒருவர் இறந்ததும் நாடிகள் சுருங்கிக் குருதி நாளங்களின் பக்கம் சென்றுவிடும்; எனவே சடலத்தின் பெருநாடி வெறுமையாகத் தோன்றும். இதனைக் கண்ட வாங், பெருநாடி காற்றுச் செல்லும் குழாய் என்றும், இதயத்திலே குருதி இல்லை என்றும் முடிவுசெய்தார். கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலே கிரேக்க மருத்துவரான எரசிஸ்திராத்தசும் நாடிகளில் ஓடுவது காற்றே எனக் கொண்டிருந்தமை ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. கொலையுண்டோரின் நெஞ்சறையிலே தேங்கி நின்ற குருதியோ, உயிருள்ளபோதும் குருதி தங்கும் களஞ்சியம் அதுவே என்னும் எண்ணத்தை வாங்கிடம் தோற்றுவித்தது. அதற்குக் 'குருதி மாளிகை' எனப் பொருள்படும் சுவேஃபூ என்னும் பெயரை அவர் வழங்கினார். அம்மாளிகையிலே தேக்கம் ஏற்படின் அதனைத் துரத்துவதற்கென அவர் வகுத்ததே 'சுவேஃபூ சூயூ' குடிநீராகும்.

பதினொரு சரக்குகள் கொண்டது அது. பீச் பருப்பு, குசும்பாப்பூ, டாங்குய், சுவான்சியோங், செம்பியோனி வேர் என்பன குருதியை இளக்குவன. ஏனைய சரக்குகள் ஆற்றலின் ஓட்டத்தைச் சீராக்குவனவும் மருந்தை மேலும் கீழும் செலுத்துவனவும் எனக் கொள்ளப்பட்டன. அதிமதுரம் எல்லாவற்றையும் இணக்குவது. பாரிசவாதத்துக்கென அவர் வகுத்த மற்றொரு குடிநீரிலே மண்புழுவும் சேர்ந்தது. நெஞ்சறையிற் குருதி மாளிகை எதுவும் இல்லை என்பது இன்று பள்ளி மாணவரும் அறிந்தது. ஆயினும் அம்மாளிகையின் பெயரைத் தாங்கிய குடிநீர் சீன மருத்துவத்தில் மிகுதியாக வழங்கும் மருந்துகளுள் ஒன்றாக இன்றும் நிலவுகின்றது.

இம்முரண்பாடு மருத்துவ வரலாற்றுக்கு ஒரு பாடமாகும். ஒரு மருந்தைப் பற்றிய விளக்கம் பிழையாயினும் மருந்து பயன் தரக்கூடும். விளக்கம் அழகாயிருப்பினும் மருந்து பயனற்றுப் போகக்கூடும். எனவே விளக்கத்தின் தொன்மையோ அழகோ மருந்தின் பயனுக்குச் சான்றாகாது. அச்சான்றை வேறிடத்திலேயே தேடல் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் மோதல்

1851இலே பெஞ்சமின் ஹொப்சன் என்னும் ஆங்கிலேய மருத்துவர் குவாங்சோவில் உடற்கூற்று நூலொன்றைச் சீன மொழியில் வெளியிட்டார். பாரெனினின் நூல் எட்டாத பொதுவாசகரை இந்நூல் எட்டிற்று. 1884இலே குருதி நோய்கள் பற்றி நூலெழுதிய தாங் ஸொங்ஹாய், பழைய மரபையும் மேனாட்டு அறிவையும் இணைக்க முயன்றார். ஆயின் பிரபுத்துவ அமைப்புச் சிதைந்து குடியரசு தோன்றிய பின்னர் இணக்கம் மோதலாக மாறிற்று. 1929இலே மரபு வைத்தியத்தை ஒழிக்கவேண்டுமென்னும் பிரேரணை அரசின் சுகாதாரக் குழுவிலே நிறைவேறியது. நாடெங்குமிருந்து ஷங்காயிற் கூடிய வைத்தியரின் எதிர்ப்பினால் அது நடைமுறைக்கு வரவில்லை.

1949இன் பின்னர் அமைந்த ஆட்சி மரபு வைத்தியத்தை வேறு நோக்குடன் அணுகிற்று. மேனாட்டு முறை பயின்ற மருத்துவர் மிகச் சிலராகவும் கிராமத்து மக்கள் கோடிக்கணக்கினராகவும் இருந்த நாட்டிலே மரபு வைத்தியரை ஒதுக்குதல் இயலாததாயிற்று. 1955இலே பெய்ஜிங்கில் சீன மரபு மருத்துவக் கழகம் நிறுவப்பட்டது. அதன் வைத்தியசாலையிற் பணியாற்றிய குவோ ஷிகுய், சென் கெஜி ஆகியோர் முடியுரு நாடி நோயாளரின் நெஞ்சுவலியைக் குருதித் தேக்கமாகக் கண்டு சிகிச்சை அளிக்கலாயினர். 1970களின் தொடக்கத்திலே அவர்கள் ஏனையோருடன் சேர்ந்து உருவாக்கிய 'குவான்சின் இரண்டாம் இலக்க' மருந்து டான்ஷென், சுவான்சியோங், செம்பியோனி, குசும்பாப்பூ, ஒருவகை வாசனைக் கட்டை ஆகிய ஐந்து சரக்குகளைக் கொண்டது. பழைய நூல்களின் தேங்கு குருதி இங்கு நாடித் தடிப்பு, குருதிச் சிறுதட்டுக்களின் ஒட்டுதல், குருதியின் பாகுநிலை என்னும் புதிய சொற்களாற் பொருள் பெற்றது. இத்துறை ஆய்வுக்காக 2003இலே சென் கெஜி குழுவினர்க்குச் சீன அரசின் உயர் விஞ்ஞானப் பரிசு வழங்கப்பட்டது.

இம்மாற்றத்தை உற்றுநோக்கல் வேண்டும். ஜாங் ஜோங்ஜிங் கூறிய தேக்கம், வாங் சிங்ரென்னின் மாளிகைத் தேக்கம், சென் கெஜி அளந்த தேக்கம் என்னும் மூன்றுக்கும் பெயர் ஒன்றே. பொருள் வேறு வேறு. பெயரின் தொடர்ச்சியைக் கொண்டு கருத்தின் தொடர்ச்சியை நிறுவ முற்படுதல் வரலாற்று நெறியாகாது.

பயனும் எச்சரிக்கையும்

டான்ஷென் வேரின் செந்நிறப் பொருளான தான்சினோனை யப்பானிய ஆய்வாளர் 1930களிலே பிரித்தெடுத்தனர். அதன் பின்னர் அவ்வேரின் கூறுகள் ஆய்வுகூடங்களிலே பலவாறு பரிசோதிக்கப்பட்டுள்ளன. ஆயினும் ஆய்வுகூடத்துக் குழாயில் நிகழ்வது நோயாளியின் உடலிலும் நிகழும் என்பதற்கு உறுதியில்லை. டான்ஷென் தொடர்பாக முன்னர் நடந்த சிகிச்சைப் பரிசோதனைகளுட் பல சிறியனவாகவும் ஒழுங்கு குன்றியனவாகவும் அமைந்தன எனச் சர்வதேச மதிப்பீட்டாளர் குறை கூறினர். பரிசோதனை முறை இப்பொழுது செம்மையுற்று வருகின்றது. அட்டை, தேள், பூரான் முதலியனவும் மூலிகைகளும் சேர்ந்த தோங்சின்லுவோ என்னும் மருந்து, சீனத்தின் 124 வைத்தியசாலைகளில் மாரடைப்புற்ற 3,777 நோயாளரிடம் வழமையான சிகிச்சையோடு சேர்த்துப் பரிசோதிக்கப்பட்டது. முப்பது நாட்களுள் மரணம் முதலிய பெருந்தீங்குகள் போலிமருந்து பெற்றோருள் 5.2 சதவீதத்தினர்க்கும் மருந்து பெற்றோருள் 3.4 சதவீதத்தினர்க்கும் நேர்ந்தன. 2023இலே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகை இம்முடிவை வெளியிட்டது. ஒரு பரிசோதனை கொண்டு ஒரு மரபு முழுவதையும் நிறுவிவிட முடியாது. ஆயின் ஒரு மரபு எவ்வாறு நிறுவப்படல் வேண்டும் என்பதை அது காட்டுகின்றது.

பயனுள்ள மருந்து தீங்கும் செய்யவல்லது. 1990களிலே ஹொங்கொங் மருத்துவர்கள், குருதி உறைதலைத் தடுக்கும் வாபரின் மாத்திரையோடு டான்ஷெனையும் உட்கொண்ட நோயாளருக்குக் குருதி அளவுக்கு மீறி இளகிய நிகழ்ச்சிகளை வெளியிட்டனர். டாங்குய் பற்றியும் இத்தகைய எச்சரிக்கை உண்டு. பீச் பருப்பையும் குசும்பாப்பூவையும் கருவுற்ற பெண்களுக்கு விலக்கல் மரபு வைத்தியரே பேணிவந்த விதியாகும். கால் நாளங்கள் புடைத்தலைப் போக்கும் பழைய மருந்து என இவற்றை விற்போர் மற்றொன்றையும் மறைக்கின்றனர். நாளங்களிலுள்ள வால்வுகளை பப்ரிசியசு 1603இலே விளக்கினார். கால் நாளங்கள் புடைத்தற்கு அவ்வால்வுகள் தளர்தலே முக்கிய ஏது. நாடியையும் நாளத்தையும் ஒரே சொல்லாற் குறித்த பழைய நூல்கள் இவ்விளம்பரங்களுக்கு ஆதாரமாகமாட்டா.

முடிவுரை

சீன மருத்துவத்திலே குருதித் தேக்கம் பற்றிய கருத்து ஈராயிரம் ஆண்டுகள் நிலைத்தமைக்குக் காரணம் அது மாறாதிருந்தமையன்று, மாறவல்லதாயிருந்தமையேயாகும். அதனை வளர்த்தோர் முன்னோரை வணங்கியதோடு அமையவில்லை, ஐயுறவும் செய்தனர். வாங் சிங்ரென் கண்ட முடிவுகளுட் பல பிழையாயின. ஆயினும் நேரிற் கண்டு தெளிதல் வேண்டும் என்னும் அவருடைய நெறி பிழைபடவில்லை. அவருடைய பிழைகளைப் பின்வந்தோர் திருத்தியதும் அந்நெறியாலேயே.

தமக்கென மரபு மருத்துவம் உடைய எம்மக்களுக்கும் இதுவே செய்தியாகும். மரபை விளம்பரப் பொருளாக்குவோரும் அதனை ஆராயாது இகழ்வோரும் நோயாளியை மறந்துவிடுகின்றனர். பாயிற் சுற்றிப் புதைக்கப்பட்ட அவ்வேழைக் குழந்தைகளுக்கு ஏட்டறிவும் உதவவில்லை, அரண்மனையிற் பூட்டப்பட்ட அறிவும் உதவவில்லை. மருந்தொன்று பழையதா புதியதா, தம்முடையதா பிறருடையதா என்னும் வினாக்களுக்கு முன்னர், அது நோயாளிக்கு உதவுகின்றதா என்னும் வினாவையே மருத்துவம் எழுப்புதல் வேண்டும். விடையையும் பரிசோதனையின் வழியே தேடுதல் வேண்டும்.